செக்குபந்தி இல்லாத மொழி

குளத்தூர் வட்டத்தில் கால் ஏக்கர் கைமாறினாலும் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதாமல் விடமாட்டார்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே வாரி என்று நான்கு எல்லையும் சொல்லியாக வேண்டும். நிலம் தொடங்கும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு, எங்கே முடிகிறது என்று சொல்லாமல் ஏர் பூட்டச் சொன்னால் அடுத்தவன் வயலும் சேர்ந்து உழப்பட்டுவிடும். சி மொழி ஐம்பது ஆண்டுகளாக இப்படித்தான் உழுதுகொண்டிருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி இது. லினக்ஸின் உட்கரு, பைத்தானை ஓட்டும் இன்டர்பிரெட்டர், இன்டர்நெட்டின் பூட்டு வேலைகளைப் பார்க்கும் மென்பொருள் எல்லாம் இதில் எழுதப்பட்டவை. அதன் வேகத்துக்கும் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே: பாயிண்டர். நினைவகத்தில் ஒரு அர்ரே தொடங்கும் முகவரி மட்டும்தான் அதன் கையில் இருக்கும். பத்து இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவதில் எழுதினாலும் மொழி தடுக்காது. அந்தப் பதினோராவது இடத்தில் வேறொருவரின் கடவுச்சொல் இருக்கலாம். ஃபங்ஷன் முடிந்ததும் திரும்பிப் போகவேண்டிய முகவரியே இருக்கலாம். அதை மாற்றத் தெரிந்தவன் புரோகிராமையே தன் வசமாக்கிக்கொள்வான்.

1988 நவம்பரில் இன்டர்நெட்டில் பரவிய மோரிஸ் புழு புகுந்த வழிகளில் ஒன்று, உள்ளீட்டின் நீளத்தைக் கேட்காமலேயே வாங்கிக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷன். இன்டர்நெட்டின் பூட்டு மென்பொருளில் 2014-ல் பிடிபட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை இன்னும் எளிமையானது. 'இத்தனை பைட் அனுப்பினேன், திருப்பிக் கொடு' என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். தங்கள் மென்பொருளில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. திறமையானவர்கள் எழுதிய நிரல்கள் இவை. 'கவனமாக எழுது' என்ற அறிவுரைக்கு இதற்கு மேல் மதிப்பில்லை.

ரிச்சிக்கு இது தெரியாததல்ல. பாயிண்டரோடு அதன் அளவையும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு யோசனையை 1990-ல் அவரே எழுதினார். இப்படிப்பட்டதற்குக் கொழுத்த பாயிண்டர் என்று பெயர். அவர் மொழிக்கு அவர் சொன்ன திருத்தமே தரநிலையில் இடம்பெறவில்லை. எல்லையைச் சுமந்தால் பாயிண்டர் பருக்கும், ஒவ்வொரு முறையும் சரிபார்த்தால் வேகம் குறையும். அன்றைய கணினிகளுக்கு இரண்டும் பாரம்.

அந்தப் பாரத்தைச் சிப்பே சுமந்தால் என்ன? இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில் உருவானது. ஐஐடி மெட்ராஸில் காமகோடி வீழிநாதன் தலைமையில் ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் வளர்ந்த சக்தி பிராசசர் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதன் ஓர் ஆய்வு வடிவம் சக்தி-எம்எஸ். காமகோடியும் செஸ்டர் ரெபெய்ரோவும் அடங்கிய குழு 2019-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. இதில் ஒவ்வொரு பாயிண்டரும் தன் செக்குபந்தியைக் கூடவே வைத்திருக்கும். எல்லை போதாது, காலமும் வேண்டும்: குத்தகை முடிந்த நிலத்தில் இறங்கக் கூடாதல்லவா? அதற்காக ஒரு அடையாள எண்ணும் உண்டு. ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு பழைய பாயிண்டரோடு வந்தால் சிப் கண்டுபிடித்துவிடும்.

எனக்குப் பிடித்த அம்சம் வேறு. சரிபார்க்கும் கட்டளைகளைப் புரோகிராமர் எழுத வேண்டியதில்லை. மாற்றியமைத்த கம்பைலர் தானே செருகிவிடும். கொடுக்கும் விலை, நிரலின் அளவில் 11 சதவீதம், ஓடும் நேரத்தில் சராசரியாக 13 சதவீதம். பிராசசரின் கடிகார வேகம் குறையவில்லை. மின்மீட்டர், பம்ப்செட் கன்ட்ரோலர் போன்ற சின்னக் கருவிகளுக்கு இது தாராளமாகக் கட்டுப்படியாகும்.

மொழியும் சும்மா இருக்கவில்லை. 'கெட்ஸ்' 2011 தரநிலையிலேயே நீக்கப்பட்டது. 2024-ல் வெளியான சி23, கூட்டல் பெருக்கலில் எண் வழிந்தால் சொல்லிவிடும் ஃபங்ஷன்களையும் வெற்றுப் பாயிண்டருக்குத் தனிச் சொல்லையும் தந்திருக்கிறது. நல்ல மராமத்து, ஆனால் எல்லைக்கல் இன்னும் நடப்படவில்லை. ரஸ்ட் மொழி அதை நட்டது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 ரஸ்டுக்கும் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் பழைய நிரலை அப்படியே விட்டுவிட்டு, புதியதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியது. 2019-ல் 76 சதவீதமாக இருந்த நினைவக ஓட்டைகளின் பங்கு 2024-ல் 24 சதவீதமானது. எல்லாவற்றையும் திரும்ப எழுது என்று கூவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரி லேப்களுக்கு வருவோம். பாலகுருசாமி புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சி படித்த தலைமுறைக்கு டர்போ சி கம்பைலரின் நீலத் திரை மறக்காது. அது 1987-ல் வந்தது. 16 பிட் காலத்து மென்பொருளான அதை இன்றைய விண்டோஸில் ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற முட்டு வேண்டும். முட்டுக் கொடுத்தாவது ஓட்டுகிற லேப்கள் இன்னும் இருக்கின்றன. அதில் 32767-உடன் ஒன்று கூட்டினால் மைனஸ் 32768 வரும். 'வாய்ட் மெயின்', 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கலாம். அர்ரேயின் எல்லையைத் தாண்டினாலும் பெரும்பாலும் சத்தமே வராது. பையன் தன் புரோகிராம் சரி என்று நம்பி வேலைக்குப் போவான். சக்தி சிப்பும் ரஸ்டும் வரும்போது வரட்டும். இந்த லேபை மாற்ற ஒரு ரூபாய்கூட ஆகாது.

ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டும் இலவசம். அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் ஜிசிசி-யும் கிடைக்கும். இந்தக் கம்பைலர்களோடு அட்ரஸ் சானிடைசர் என்ற வசதியும் வருகிறது. கம்பைல் செய்யும்போது அதை முடுக்கிவிட்டால், எல்லை தாண்டிய கணமே புரோகிராமை நிறுத்தி, எந்த வரியில், எவ்வளவு தூரம் தாண்டியது என்று சொல்லும். ஓட்டம் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான்.

கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ படிக்கப் போகும் பிள்ளைகளே, லேபில் எந்தக் கம்பைலர் இருந்தாலும் சரி, ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம்களை ஒருமுறை அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் பிழைச் செய்தியை உங்கள் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.