சூரிய விசைப் பம்புகளைப் பரீட்சித்து ஏற்கும் முறை

கிணற்று நீரை இறைப்பதற்குக் கமலையும் ஏற்றமும் போய், எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தன. இப்பொழுது சூரிய ஒளியினாலேயே மோட்டாரை ஓட்டும் முறை கிராமங்களில் பரவி வருகின்றது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்படி, 7½ குதிரைசக்தி வரையுள்ள சூரிய பம்புகளுக்கு மானியம் அளிக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இத்திட்டத்தை நடத்தியது. எண்ணெய்ச் செலவு இல்லை. இரவில் மின்சாரத்துக்காகக் கண் விழிக்க வேண்டுவதில்லை. ஆதலால் குடியானவர்கள் இதனை விரும்புவது இயல்பே.

ஆயினும், பம்பு பொருத்தப்பட்ட அன்று உச்சி வேளையில் குழாயின் வாய் நிறைய நீர் பாய்வதைக் கண்டு, மனமகிழ்ந்து, ஏற்பு ரசீதில் கையொப்பம் இட்டுவிடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருந்தும். சூரிய பம்புக்குப் பொருந்தாது. ஒரு நாளின் ஒரு நாழிகையைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது, பின்னர் பயிர் வாடும் காலத்தில் வருத்தத்தையே தரும். எந்தெந்த நிலைமைகளில் இச்சாதனம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதும், குடியானவரே அதனை எவ்வாறு பரீட்சித்து அறியலாம் என்பதும் இங்கே கூறப்படுகின்றன.

சாதனத்தின் உறுப்புகள்

ஒளி பட்ட மாத்திரத்தில் மின்சாரம் தரும் சிலிக்கன் தகட்டை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையார் வெளியிட்டனர். அத்தகடு தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக மாற்றிற்று. இக்காலத்துத் தகடுகள் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் மாற்றவல்லவை.

தகடுகளிலிருந்து வருவது நேரோட்ட மின்சாரம். கிணற்று மோட்டார்களிற் பெரும்பாலானவை மாறோட்ட மின்சாரத்தில் ஓடுபவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டியே இன்வர்ட்டர். இப்பெட்டி வேறு இரண்டு வேலைகளையும் செய்கின்றது. அந்தந்தக் கணத்தில் தகடுகள் தரக்கூடிய அதிகபட்ச சக்தியைத் தேடிப் பிடிப்பது ஒன்று. ஒளி குறையும்போது மோட்டாரை நிறுத்திவிடாமல், அதன் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது மற்றொன்று. ஆகவே தகடு நல்லதாயிருந்தும் பெட்டி நல்லதாயில்லாவிட்டால் பயன் பாதியாகும்.

தொழிற்சாலைக் கணக்கும் வயற்காட்டுக் கணக்கும்

தகட்டின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் 300 வாட் என்று எழுதியிருந்தால், அது எப்பொழுதும் 300 வாட் தரும் என்று பொருளல்ல. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 1000 வாட் ஒளி விழ வேண்டும். தகட்டின் வெப்பம் 25 டிகிரியாக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் அவ்வளவு கிடைக்கும். உச்சி வெயிலில் 25 டிகிரியில் குளிர்ந்திருக்கும் தகட்டை நம் நாட்டில் காண்பது அரிது.

இக்குறையை உணர்ந்தே, சர்வதேசத் தரமுறை ஒன்றில் (ஐ.இ.சி. 61853) தகட்டை ஒரே நிலையில் அல்லாமல், 100 வாட் முதல் 1100 வாட் வரை பலவகை ஒளியிலும், 15, 25, 50, 75 டிகிரி வெப்பங்களிலும் அளந்து பார்க்குமாறு விதித்துள்ளனர். இன்வர்ட்டரையும் அவ்வாறே முழுச்சுமையில் மட்டும் சோதிப்பதில்லை. ஐரோப்பியர் வகுத்த கணக்கில் முழுச்சுமைத் திறனுக்கு நூற்றுக்கு 20 பங்கும், பாதிச்சுமைத் திறனுக்கு 48 பங்கும் மதிப்பு அளிக்கப்படுகின்றது. எஞ்சியவை அதனினும் குறைந்த சுமைகளுக்கு உரியவை. வெயில் மிகுந்த கலிபோர்னியா நாட்டுக் கணக்கிலோ முக்கால் சுமைக்கு 53 பங்கும், முழுச்சுமைக்கு 5 பங்கும் மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதியில் இப்பெட்டி முழுச்சுமையில் ஓடுவதில்லை என்பதே இதன் கருத்து. எனவே விற்பனையாளர் சொல்லும் ‘அதிகபட்சத் திறன்’ ஒன்றை மாத்திரம் கேட்டுத் திருப்தி அடையலாகாது.

இந்தியாவில் ஹரியானா மாநிலத்துக் குருகிராமத்துக்கு அருகிலுள்ள தேசிய சூரியசக்தி நிலையத்தில் சூரிய பம்புகளைச் சோதிக்கும் வசதி இருக்கின்றது. மத்திய அரசாங்க விதிகளில் பம்பு இவ்வளவு லிட்டர் இறைக்க வேண்டும் என்று குறித்தபோது, தகட்டின்மேல் ஒரு சதுர மீட்டருக்கு 7.15 யூனிட் ஒளி விழும் நாளே ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 5½ யூனிட்டே. ஆகவே விளம்பரத் தாளில் உள்ள லிட்டர் கணக்கில் காற்பங்கேனும் கழித்துக்கொண்டே எத்தனை ஏக்கர் சாகுபடி செய்வது என்று தீர்மானிப்பது விவேகம்.

வெப்பத்தினால் நேரும் குறை

வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒளி ஏறினால் மின்சாரம் ஏறும். வெப்பம் ஏறினால் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.45 வரை இழப்பு உண்டு. சித்திரை மாதத்தில் காற்றின் வெப்பம் 38 டிகிரியாயிருக்கும் நாளில், நல்ல வெயிலில் நிற்கும் தகட்டின் வெப்பம் 70 டிகிரியை எட்டக்கூடும். நூற்றுக்கு 0.4 வீதம் கணக்கிட்டால், 300 வாட் தகடு 250 வாட்டுக்கும் குறைவாகவே தரும். தகடுகளின் அடியில் காற்று தாராளமாகச் செல்லும்படி உயர்த்தி அமைப்பது இதற்கு ஒரு பரிகாரம். இன்வர்ட்டர் பெட்டியைத் தகர அறைக்குள் அடைத்து வைக்காமல், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மாட்டுவது மற்றொன்று. பெட்டி மிகவும் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப்பிரதேசங்களில் இதற்கு நேர்மாறான அபாயம் உண்டு. குளிர்ந்த தகட்டின் வோல்ட் உயரும். 25 டிகிரியில் 640 வோல்ட் தரும் தகட்டு வரிசை, உறைபனி விழும் விடியலில் 690 வோல்ட்டை நெருங்கும். பெட்டி தாங்கும் எல்லை அதற்கு மேற்பட்டதா என்பதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

மேகமும் கிணற்றின் ஆழமும்

குடியானவர் முக்கியமாக அறியவேண்டிய செய்தி இதுவே. மேகம் மூடும்போது இன்வர்ட்டர் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கின்றது. வேகம் ஐந்தில் நாலாகக் குறைந்தால், பம்பு நீரைத் தள்ளும் உயரம் நாலில் மூன்றாகக் கூட நிற்பதில்லை. நூற்றுக்கு 64 பங்காக இறங்கிவிடும். மேலோட்டமான கிணற்றில் இதனால் நீர் சற்றுக் குறையுமேயன்றி நிற்காது. ஆழ்குழாய்க் கிணற்றிலோ மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு சொட்டு நீரும் மேலே வராது.

உதாரணமாக, முழு வேகமாகிய 50 ஹெர்ட்ஸில் 45 மீட்டர் உயரம் வரை தள்ளவல்ல பம்பு ஒன்றை ஒரு குடியானவர் தை மாதத்தில் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மழை முடிந்த காலமாதலால் நீர்மட்டம் 24 மீட்டரில் நிற்கின்றது. வேகம் 37 ஹெர்ட்ஸை எட்டியவுடனே நீர் வரத் தொடங்கும். காலை எட்டு மணிக்கே வாய்க்கால் நனைகின்றது. மாலை வரை ஓய்வில்லை. அவர் மகிழ்ந்து, கூடுதலாக ஓர் ஏக்கரில் வாழை வைக்கிறார். சித்திரையில் அதே கிணற்றின் நீர்மட்டம் 38 மீட்டருக்கு இறங்கிவிடுகின்றது. இப்பொழுது 46 ஹெர்ட்ஸ் வந்தாலன்றி நீர் தலை காட்டாது. தகடுகளோ வெப்பத்தினால் தளர்ந்திருக்கின்றன. காலை ஒளியும் மாலை ஒளியும் வீணாகி, உச்சியை ஒட்டிய சில மணி நேரமே நீர் கிடைக்கின்றது. குலை தள்ளும் தருவாயில் வாழை தண்ணீருக்கு ஏங்குகின்றது. பெட்டி பழுது என்று அவர் எண்ணுகிறார். பழுது பெட்டியில் இல்லை, பரீட்சித்த மாதத்திலே இருக்கின்றது. ஆகையால் பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது கோடையின் கடைசி நீர்மட்டத்தையும், குழாயின் உராய்வினால் நேரும் இழப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விட்டுவிட்டு மேகம் ஓடும் நாளில் மற்றொரு சோதனை இயற்கையாகவே நடக்கின்றது. ஒளி சில விநாடிகளில் ஏறி இறங்கும். நல்ல இன்வர்ட்டர் அதற்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். தரங்குறைந்தது அடிக்கடி நின்று, மறுபடி தொடக்கத்திலிருந்து புறப்படும்.

நிழலும் புழுதியும்

தகட்டினுள் உள்ள சிறு பிரிவுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. ஒரு கண்ணி அடைபட்டால் சங்கிலி முழுவதும் தளரும். ஒரு தென்னங்கீற்றின் நிழல், பரப்பில் சிறிதேயாயினும், ஒரு தகட்டின் மூன்றில் ஒரு பங்கைப் பயனற்றதாக்கக் கூடும். எனவே காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எந்த மரத்தின் நிழலும், மின்கம்பத்தின் நிழலும் விழாத இடத்தையே தெரிந்தெடுக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்கிலுள்ள மரங்களின் நிழல் நீளும் என்பதை மறக்கலாகாது. புழுதியையும் பறவை எச்சத்தையும் விடியற்காலையில் துணியால் மெல்லத் துடைத்துக் கழுவ வேண்டும். கொதிக்கும் உச்சியில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணலாம். உப்பு நீரினால் கழுவினால் வெண்படலம் படியும்.

குடியானவரே செய்யத்தக்க பரீட்சை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று, விநாடி காட்டும் கடிகாரம், கல் கட்டிய அளவுக் கயிறு, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும்.

1. தெளிந்த நாள் ஒன்றிலும், மேகம் சூழ்ந்த நாள் ஒன்றிலும், பங்குனி அல்லது சித்திரையில் கடும் வெயில் நாள் ஒன்றிலும் சோதிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு நாளும் காலை 8, 10, பகல் 12, மாலை 2, 4 மணிகளில் பீப்பாய் நிறைய எத்தனை விநாடி ஆயிற்று என்று எழுத வேண்டும். 50 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 14,400 லிட்டர் என்று அறியலாம்.

3. அதே வேளைகளில் பெட்டியின் முகப்பில் தெரியும் ஹெர்ட்ஸையும், வானத்தின் நிலையையும் குறிக்க வேண்டும். எந்த ஹெர்ட்ஸில் முதல் நீர் வந்தது, எந்த ஹெர்ட்ஸில் நின்றது என்பதைத் தனியே எழுதுதல் அவசியம்.

4. இறைக்கத் தொடங்குமுன்னும், ஒரு மணி நேரம் இறைத்த பின்னும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் கயிறு மோட்டாரின் கம்பியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. நீர் வற்றினால் பெட்டி தானே மோட்டாரை நிறுத்துகின்றதா என்பதைப் பொருத்துபவரைக் கொண்டே காட்டச் செய்ய வேண்டும்.

அளவு நியாயமானதா என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. 4800 வாட் தகடுகள் ஐந்து மணி நேர முழு ஒளிக்குச் சமமான ஒளியைப் பெற்று, வெப்பம் முதலியவற்றால் ஐந்தில் ஒரு பங்கு இழந்து, பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பது பங்கு திறனுடன் உழைத்தால், 30 மீட்டர் உயரத்துக்கு நாளொன்றில் ஏறக்குறைய 94,000 லிட்டர் ஏறும். இது ஓர் ஏக்கரில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பாய்ச்சலாகும். இதனினும் மிகுதியாகக் குறைந்தால், நிழல், புழுதி, குழாய், பெட்டி என்ற வரிசையில் காரணத்தை ஆராய வேண்டும்.

எச்சரிக்கை

வெயில் உள்ளவரை தகடுகளில் மின்சாரம் நிற்பதில்லை. பெட்டியை அணைத்தாலும் தகட்டுக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு பாய்ந்து கையைச் சுட்டுவிடும். பழுது பார்ப்பதைத் தேர்ந்தவரிடமே விட வேண்டும். தகட்டின் சட்டத்தையும் பெட்டியையும் நிலத்தோடு இணைக்கும் கம்பியும், இடிதாங்கியும் இல்லாத அமைப்பை ஏற்கலாகாது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பாயின், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வர்ட்டரும் நின்றுவிடுதல் அவசியம். இல்லாவிடில் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும். சர்வதேசச் சோதனையில் இதற்கு இரண்டு விநாடியே கெடு.

கிராம அதிகாரிகளுக்கு

பம்பு பொருத்தப்பட்டதற்குச் சாட்சியாகக் கையொப்பம் இடும் அதிகாரிகள், தகடுகளின் எண்ணிக்கையோடு நில்லாமல், நீர்மட்டம், நாழிகை, வானநிலை, நீரின் அளவு ஆகிய நான்கையும் அத்தாளில் குறித்துக்கொள்வது சிலாக்கியம். பழுதுபார்க்கும் உத்தரவாதக் காலத்தில் வழக்கு நேர்ந்தால் குடியானவருக்கு அதுவே ஆதாரமாக நிற்கும்.

சூரியன் கூலி கேட்பதில்லை. ஆனால் அவன் வேளைக்கு வேளை மாறுகிறவன். அம்மாறுதலை முன்னரே அளந்து, கோடை நாளின் நீரைக் கொண்டு பயிரின் பரப்பைத் தீர்மானிக்கும் குடியானவருக்கே இச்சாதனம் குறைவற்ற பலனைக் கொடுக்கும்.