கட்டற்ற மக்னீசியம்

அறுவை அரங்கில் நோயாளி ஒருவருக்குப் பல பைகள் குருதி ஏற்றப்படுவதாகக் கொள்வோம். அக்குருதி உறையாதிருக்கச் சிட்ரேட் சேர்க்கப்பட்டிருக்கும். அது நோயாளியின் குருதியிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். ஆனால், ஆய்வக அறிக்கை மக்னீசியம் இயல்பாக இருப்பதாகவே கூறக்கூடும். அறிக்கையில் பிழையில்லை, அது மொத்த மக்னீசியத்தை அளந்திருக்கிறது.

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உள்ளது. பெரும்பகுதி எலும்பிலும் உயிரணுக்களிலும் தங்கிவிடுகிறது. குருதியின் சீரத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அதிலும் ஒரு பகுதியைப் புரதங்களும் சிறு பகுதியை சிட்ரேட், பாஸ்பேட் போன்றவையும் பிணைத்து வைத்துள்ளன. எஞ்சிய கட்டற்ற அயனியே நரம்பிலும் தசையிலும் செயலாற்றுகிறது.

வழக்கமான ஆய்வில் சைலிடில் நீலம் போன்ற சாயம் மக்னீசியத்தோடு சேர்ந்து நிறம் மாறும். பிணைந்திருந்த மக்னீசியத்தையும் சாயம் தன்பால் ஈர்த்துக்கொள்வதால், கட்டற்றது எவ்வளவு எனத் தெரிவதில்லை. 1990களில் பயன்பாட்டுக்கு வந்த அயனி தேர் மின்முனை இக்குறையை நீக்கியது. அதன் மெல்லிய நெகிழிப் படலத்தில் மக்னீசியம் அயனியை விரும்பிப் பற்றும் மூலக்கூறுகள் பதிந்துள்ளன. அயனிகள் படலத்தை அடையும்போது மின்னழுத்தம் தோன்றுகிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, அயனிச் செறிவு பத்து மடங்கானால் அம்மின்னழுத்தம் சுமார் 30 மில்லிவோல்ட் மாறும். லிட்டருக்கு 0.5 மில்லிமோல் என்பது 0.4 ஆகக் குறைந்தாலோ மாற்றம் 3 மில்லிவோல்ட்தான். நோயாளியின் நிலையை உணர்த்தும் செய்தி இத்துணைச் சிறிய மாற்றத்தில் அடங்கியுள்ளது.

இடையூறும் உண்டு. குருதியில் கட்டற்ற கால்சியம் மக்னீசியத்தைவிட இருமடங்குக்கும் மிகுதி. படலம் அதனையும் ஓரளவு பற்றும். எனவே, கருவி கால்சியத்தையும் உடன் அளந்து கணக்கிட்டுத் திருத்துகிறது. குருதியை எடுக்கும் முறையும் முதன்மையானது. இ.டி.டி.ஏ. கலந்த குழாய் மக்னீசியத்தைச் சிறைப்படுத்திவிடும். திறந்து வைத்த மாதிரியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் காரத்தன்மை கூடும். புரதம் மேலும் மக்னீசியத்தைப் பிணைக்கும். உணரி குறைந்த அளவையே காட்டும்.

உயிரணுவுக்குள் இருப்பதை இவ்வுணரி காண்பதில்லை. மிகையான மக்னீசியத்தின் விளைவையும் அது நேரடியாகச் சொல்லாது. ஆகவே, பேறுகால வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் பெறும் தாய்மாரின் முழங்காலை மருத்துவர் சிறு சுத்தியலால் அவ்வப்போது தட்டிப் பார்க்கிறார். கால் துள்ளாவிடில் மருந்தை நிறுத்துகிறார்.