சில்லறை வேலையும் நல்ல தொழிலே!



ஹார்டுவேர் கடை நடத்தும் நம் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. குழாய்க்கு வாஷர் வாங்க வருபவர், "அண்ணாச்சி, இதை மாட்ட ஆள் இருக்காங்களா?" என்பார். நாமும் யாருடைய நம்பரையாவது கொடுத்து அனுப்புவோம். வேலை கெட்டுப்போனால், "உங்க கடை ஆள்தானே?" என்று நம்மிடமே வந்து நிற்பார். வருமானம் ஒருவருக்கு, பழி நமக்கு! இதை நாமே எடுத்துச் செய்தால் என்ன என்று எண்ணித்தான் என் கடையில் இந்தச் சேவையைத் தொடங்கினேன்.

முதலீடு என்ன?

பெரிய முதலீடு வேண்டாம். டிரில்லிங் மிஷின், பைப் ரிஞ்சு, கட்டிங் பிளேயர், டெஸ்டர், ரசமட்டம், மடக்கு ஏணி, ஒரு இரு சக்கர வாகனம் போதும். சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. கைத்திறனும் நல்ல பேச்சும் உள்ள ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்தினேன். ஒழுகும் குழாய், இறங்கிய தாழ்ப்பாள், திரைச்சீலைக் கம்பி, மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்குக் கண்டென்சர் என வேலைக்குப் பஞ்சமே இல்லை.

கூலியில் தவறினேன்

முதல் மூன்று மாதம் கையை விட்டுத்தான் போனது. காரணம், வேலை செய்யும் நேரத்தை மட்டும் கணக்கிட்டுக் கூலி சொன்னேன். வாஷர் மாற்றக் கால் மணி நேரம். போய்வர ஒரு மணி நேரம்! பிறகு போய்வருவதற்கெனக் கட்டணம் வைத்தேன். கடையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் மட்டும், ஒரு தெருவின் வேலைகளை ஒரே நாளில் என்று மாற்றினேன். கூலியை முன்கூட்டியே சொல்லி, பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியே ரசீது தருகிறோம். பேச்சுக்கே இடமில்லை.

வரி விஷயத்தில் கவனம்

தமிழகத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ரூ.40 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சேவையும் சேர்ந்தால் அந்த வரம்பு ரூ.20 லட்சம் ஆகிவிடும். எனவே தொடங்கும் முன்பே ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். 2020 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, அதையும் செய்துவிடுங்கள்.

மறுக்கவும் தெரிய வேண்டும்

பல்பு, சுவிட்ச், ஃபியூஸ், மின்விசிறி மாற்றலாம். புதிதாக ஒயரிங் இழுப்பது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அதைத் தொடாதீர்கள்.

ஒருநாள் நம் ஆளிடமிருந்து போன் வந்தது. குழாய் வேலைக்குப் போன இடத்தில், "அப்படியே செப்டிக் டேங்கில் இறங்கி அடைப்பை எடுத்துவிடு, இரண்டாயிரம் தருகிறேன்" என்றாராம் வீட்டுக்காரர். அவர் என் பழைய வாடிக்கையாளர். "ஐந்து நிமிஷ வேலைதானேண்ணே, இறங்கட்டுமா?" என்றான் தம்பி. "மூடியைக்கூடத் திறக்காதே, கிளம்பி வா" என்றேன். அந்தத் தொட்டியின் விஷவாயு, மூக்கு உணரும் முன்பே மனிதனைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர் லாரியை வரவழைக்கும்படி அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொண்ட அவர் பிறகு என் கடைக்கு வரவே இல்லை.

போகட்டும். வாடிக்கையாளர் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அந்தத் தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். மாலையில் அவன் டூல்ஸ் பையைக் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்படும்போது, அன்றைய கணக்கு நேரானது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். நம் ஆளின் காலையும் விடவைக்கக் கூடாது. இதை மட்டும் மனதில் கொண்டால், வணிக நண்பர்கள் துணிந்து இறங்கலாம். சில்லறை வேலை நம் கடைக்கு நிலையான வருமானம் தரும்.