மாற்றுச் சிறுநீரகமும் பட்டறைத் தூசியும்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அறுவையைக் காட்டிலும் அதற்குப் பின்வரும் மாதங்களே கடினமானவை என்போம். புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காதிருக்க உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், நோய் எதிர்ப்பாற்றலையும் தணிக்கிறது. முதல் ஆறு மாதங்களில் தொற்று எளிதில் பற்றும்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண் பிசைவோர், வேலைக்கு எப்போது திரும்பலாம் என வினவுகின்றனர். கூலி நின்றுபோன வீட்டில் நியாயமான கேள்வியே. ஆயினும் மண்ணிலும் தூசியிலும் பூஞ்சை வித்துகள் உண்டு. மருத்துவர் இசையும்வரை பட்டறைக்குள் செல்ல வேண்டா.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டு வாருங்கள். இரத்தம் எடுத்தபின் உட்கொள்ளுங்கள். விடியற்காலைப் பேருந்து ஏறும் அவசரத்தில் மறந்துவிடக் கூடியது இது. காய்ச்சல் கண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள்.