கடைக்கு முகம் அமைக்கும் கல்வி

பண்டிகைக் காலம் நெருங்கும்போது நம் நகரங்களின் கடைவீதிகள் புதுக்கோலம் பூணுகின்றன. கண்ணாடிக்குப் பின்னே பட்டுடுத்தி நிற்கும் பொம்மையைக் கண்டு ஒரு கணம் நிற்கிறோம்; வாங்க எண்ணிச் செல்லாத ஒன்றையும் வாங்கி வருகிறோம். அவ்வாறு நம்மை நிற்கச் செய்வதைத் தொழிலாகக் கொண்டோர் உளர். அவர்களது பணியை வணிக உலகம் 'விஷுவல் மெர்ச்சண்டைசிங்' என அழைக்கிறது. கடைக் காட்சியமைப்பு என நாம் கூறலாம்.

கல்விக் கடன் நாடி வரும் பெற்றோரிடையே இத்துறை குறித்து ஒரு தயக்கத்தை நாம் காண்கிறோம். கடையை அலங்கரிப்பதற்கும் ஒரு படிப்பா, அதற்குக் கடன் வாங்குவது தகுமா என்பதே அத்தயக்கம். நியாயமான கேள்விதான். விடை காண, இத்தொழில் எத்தகையது என முதலில் அறிதல் வேண்டும்.

நூறாண்டு கடந்த தொழில்

1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடைச் சாளர அலங்காரத்திற்கென 'தி ஷோ விண்டோ' என்னும் இதழைத் தொடங்கியவர் எல். ஃபிராங்க் பாம். பின்னர் 'ஓஸ்' மந்திரவாதி கதையை எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே. 1909இல் லண்டனில் திறக்கப்பட்ட செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடி, கடை அடைத்த பின்னரும் சாளரங்களில் விளக்கெரியச் செய்து வழிப்போக்கரை ஈர்த்தது. நம் நாட்டில் 1991இல் மும்பையில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் தோன்றியதும், தொடர்ந்து பல நகரங்களில் கிளை பரப்பிய அங்காடிகள் பெருகியதும் இத்தொழிலுக்கு இடம் தந்தன. நூறு கிளைகளும் ஒரே தோற்றம் தர வேண்டுமாயின், எந்தத் தட்டில் எந்தப் பொருள் எத்தனை அடுக்காக இருக்க வேண்டும் என்பதை வரைபடமாக்கித் தலைமையகம் அனுப்ப வேண்டும். இவ்வரைபடமே 'பிளானோகிராம்'. அதனை வரைவோரும், கிளைதோறும் நிறைவேற்றுவோரும் இத்துறையினரே.

அழகுணர்ச்சி மட்டும் போதாது

நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் அங்காடியில் வாயிலருகே கழுத்துப்பட்டைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. அங்கு நின்று பார்ப்போரைக் கடந்து செல்வோர் இடித்துக்கொண்டே போயினர். இடிபட்டவர்கள் வாங்காமலே அகன்றதை ஆய்வாளர் பாக்கோ அண்டர்ஹில்லின் குழுவினர் கண்டறிந்தனர். அந்த அடுக்கை வழியிலிருந்து ஒதுக்கி வைத்ததும் விற்பனை உயர்ந்தது. 1999இல் வெளியான தமது நூலில் அவர் இதனை விவரித்துள்ளார்.

நம் நாட்டு அனுபவமோ வேறு. 2001இல் பிக் பஜாரைத் தொடங்கிய கிஷோர் பியானி, அகன்ற, ஒழுங்கான பாதைகளில் மக்கள் நில்லாமல் நடந்து சென்றுவிடுவதைக் கவனித்தார். சந்தையில் பழகிய நம் மக்களுக்கு நெரிசலும் குவியலுமே மலிவின் அடையாளம் எனக் கருதி, கடை அமைப்பை வேண்டுமென்றே நெருக்கமாக மாற்றினார். ஓரிடத்தில் வாடிக்கையாளரை விரட்டிய நெரிசல், வேறோரிடத்தில் அவரை ஈர்க்கிறது. எனவே இத்துறை மாணவர் முதலில் பயில வேண்டியது வாங்குவோரின் நடையையும் பார்வையையும் கூர்ந்து நோக்குவதையே ஆகும்.

ஒளியும் ஒரு பாடமே. சேலையை வாயிற்படி வரை கொண்டுசென்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நம் பெண்களின் வழக்கம். விளக்கொளியில் நிறம் மாறித் தோன்றும் என்பதை அவர்கள் அறிவர். மஞ்சள் கலந்த ஒளி பொன்னுக்கும், வெண்ணொளி வைரத்திற்கும் வெள்ளிக்கும் பொலிவு தரும். விளக்கு நிறத்தை எந்த அளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை நூறு என்னும் உச்ச அளவு கொண்டு கணிக்கின்றனர். துணிக்கடைக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது ஏற்றது. இவற்றோடு வண்ணக் கோட்பாடு, வரைகலை மென்பொருள், செலவு மதிப்பீடு, தச்சரிடமும் மின்பணியாளரிடமும் வேலை வாங்கும் திறன் ஆகியனவும் கற்கப்பட வேண்டியவை.

எங்கே பயிலலாம்?

1986இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு இன்று சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் வளாகங்கள் உள்ளன. அதன் நான்காண்டு ஃபேஷன் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பில் காட்சியமைப்பும் இடம்பெறுகிறது. மேனிலைப் பள்ளியில் எப்பிரிவில் பயின்றவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனமும் சில்லறை வணிகம் சார்ந்த பட்டப்படிப்பை வழங்குகிறது. தனியார் நிறுவனங்கள் சில மாதப் பயிற்சி முதல் முழுநேரப் பட்டயம் வரை நடத்துகின்றன.

கடனுக்கு முன் ஒரு கணக்கு

தனியார் படிப்பாயின், அதற்கு உரிய அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதை எழுத்து வடிவில் பெறுதல் நன்று. கடன் தகுதி பெரும்பாலும் அதனையே சார்ந்தது. மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை மாணவர் தம் பங்காக முன்பணம் செலுத்த வேண்டுவதில்லை. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ்ச் சொத்துப் பிணையம் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். குறுகிய காலத் திறன் பயிற்சிக்கான கடன் வரம்பும் 2024இல் 1.5 லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை; ஆயினும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போது நிலுவை 6 லட்சம், வட்டி 10 விழுக்காடு, காலம் 10 ஆண்டுகள் எனக் கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 7,930 ரூபாய். தவணை தொடக்க ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது என்பது நமது அறிவுரை. அதாவது, ஏறத்தாழ 24,000 ரூபாய் ஊதியம் கிடைக்குமா என்று அந்நிறுவனத்தின் முன்னாள் மாணவர் சிலரிடம் நேரில் கேட்டறிதல் வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள தொகையை நம்பிக் கையொப்பமிடலாகாது. பழைய வரிமுறையைத் தேர்ந்தோர், செலுத்தும் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதும் நினைவிற்குரியது.

இவை யாவற்றுக்கும் முன், செலவில்லாச் சோதனை ஒன்று உண்டு. அருகிலுள்ள தெரிந்த கடையொன்றின் உரிமையாளரிடம் இசைவு பெற்று, எத்தனை பேர் கடந்து சென்றனர், எத்தனை பேர் நின்றனர், எத்தனை பேர் உள்ளே வந்தனர் என ஒரு வாரம் உங்கள் மகனோ மகளோ எண்ணிக் குறிக்கட்டும். பிறகு முகப்பைத் தம் எண்ணப்படி மாற்றியமைத்து மறுவாரமும் எண்ணட்டும். எண்ணிக்கை உயர்கிறதா என்பதைவிட, இரண்டாம் வாரமும் சலிப்பின்றி நின்று எண்ணுகிறாரா என்பதையே பெற்றோர் கவனிக்க வேண்டும். அவ்வாறு நின்றவரின் குறிப்பேட்டுடனும் புகைப்படங்களுடனும் எந்தக் கிளைக்கும் வாருங்கள். கடனைப் பற்றி அமர்ந்து பேசுவோம். அதே குறிப்பேடு, நாளை வேலை தருவோர் கேட்கும் படைப்புத் தொகுப்பின் முதற்பக்கமாகவும் அமையும்.