பறக்கும் ஊஞ்சலின் கணக்கு

சர்க்கஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு யானையும் கோமாளியுமே நினைவுக்கு வருகின்றன. கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிறவர்களை, 'உயிருக்கு அஞ்சாதவர்கள்' என்று ஒரு வார்த்தையில் புகழ்ந்துவிட்டு மறந்துவிடுகிறோம். பௌதிகம் பயிலும் எனக்கோ அவர்கள் நம் சோதனைச்சாலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே தோன்றுகிறார்கள். நாம் குண்டைக் கயிற்றில் கட்டி ஆட்டிப் பார்க்கிறோம். அவர்கள் குண்டுக்குப் பதிலாகத் தங்களையே கட்டிக்கொள்கிறார்கள்!

பறக்கும் ஊஞ்சல் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் சட்டம் படித்த ஓர் இளைஞர். பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரைச் சேர்ந்த அவர் பெயர் ழூல் லெயோதார். தகப்பனார் அங்கே ஒரு தேகப்பயிற்சிக் கூடம் நடத்தி வந்தார். அதில் நீச்சல் குளமும் உண்டு. மகன் அந்தக் குளத்துக்கு மேலே கயிறுகளையும் வளையங்களையும் குறுக்குக் கட்டைகளையும் தொங்கவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பழகினார். ஒரே ஊஞ்சலில் செய்யும் வித்தைகள் அதற்கு முன்பே இருந்தன. ஊஞ்சலை விட்டுவிட்டு வெறும் காற்றில் பறந்து அடுத்ததைப் பற்றுவதுதான் புதுமை. 1859-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி பாரிஸ் மாநகரில், 'சிர்க் நெப்போலியன்' என்ற அரங்கில் அதைச் செய்து காட்டினார்.

அந்தக் குளத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். கயிற்றை ஒரு முழம் நீட்டிப் பார்க்கலாம். தவறினால் நனைவதோடு சரி. இடைவெளியை மாற்றிப் பார்க்கலாம், மறுபடியும் நனையலாம். தவறுக்குக் கொடுக்கும் விலை குறைவாக இருந்தால்தானே பரிசோதனை நடக்கும்?

இனிக் கணக்குக்கு வருவோம். ஊஞ்சல் ஒரு தடவை போய்த் திரும்பும் நேரம் ஆடுகிறவரின் எடையைப் பொறுத்ததன்று, நீளத்தைப் பொறுத்தது. நீளம் என்றால் கயிற்றின் நீளம் மட்டுமல்ல. கட்டையைப் பிடித்துத் தொங்குகிறவரின் ஈர்ப்பு மையம் கட்டைக்கும் கீழே இருக்கிறது. அதுவரை அளக்க வேண்டும். அது 4 மீட்டரானால் போய்வர ஏறக்குறைய 4 வினாடி. 9 மீட்டரானால் 6 வினாடி. வீச்சு பெரிதானால் நேரம் சற்றுக் கூடும். ஆட்டக்காரர் கால்களை மடக்கினால் மையம் மேலே ஏறி, ஊஞ்சல் சிறிது விரைவாகத் திரும்பும். எதிர் ஊஞ்சலில் முழங்காலால் தொங்கிக்கொண்டிருக்கிறாரே, பிடிப்பவர், அவரும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டவர். இரண்டு ஊஞ்சல்களும் ஒரே கணத்தில் வந்து சேர வேண்டும். கையை விட்டபின் காத்திருக்க நேரமில்லை. அரை வினாடியில் மனிதன் ஒன்றேகால் மீட்டர் விழுந்துவிடுகிறான். அந்தச் சொற்ப நேரத்துக்குள் கரணமும் முடிந்தாக வேண்டும். உடலை உருண்டையாகச் சுருட்டினால் சுழற்சி விரைவாகும் என்பதால்தான் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொள்கிறார்கள். 1982-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் தூசான் நகரில் மிகேல் வாஸ்கேஸ் என்பவர் காட்சியின்போதே நான்கு கரணம் போட்டுத் தம் சகோதரர் கையைப் பற்றினார்.

கயிற்றின் பாடு வேறு. 60 கிலோ எடையுள்ளவர் சும்மா தொங்கினால் கயிற்றின் மேல் 60 கிலோ பாரம். கிடைமட்ட நிலையிலிருந்து வீசி ஆடினாலோ, மிகத் தாழ்ந்த இடத்தில் பாரம் மூன்று மடங்காகி 180 கிலோ ஆகிறது. திடீர் வெட்டு விழுந்தால் இன்னும் அதிகம். ஆகவே மனிதரைத் தாங்கும் உபகரணத்துக்குப் பத்து மடங்கு வலிமை வைப்பது இத்தொழிலில் வழக்கம்.

பத்து மடங்கு வைத்தாலும் போதாத இடம் உண்டு. லில்லியன் லைட்செல் உலகப் புகழ் பெற்ற வித்தைக்காரி, சிறிய உருவம். ஒரு கையால் தொங்கியபடி உடலைத் தோளுக்கு மேல் சுழற்றிச் சுழற்றி வீசுவார், நூறு தடவைகூட. 1931 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் அவரைத் தாங்கிய சுழல் இணைப்பின் உலோகம் முறிந்தது. கீழே விழுந்தவர் இரண்டு நாளில் காலமானார். அவருடைய எடை அதற்குக் காரணமாக இருக்க முடியாது. சிறிய பாரமானாலும் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளர்கிறது. 'உலோகச் சோர்வு' என்பது அதுதான். நேற்றுத் தாங்கியது என்பதால் இன்றும் தாங்கும் என்று சொல்லவே முடியாது.

இன்னொரு விபத்து நம் காலத்தது. 2014-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் எட்டுப் பெண்கள் தலைமுடியால் தொங்கும் காட்சி. சரவிளக்குப் போன்ற அமைப்பு. அதை மேலே மாட்டியிருந்ததோ ஒரே ஒரு எஃகுக் கொக்கி. அது உடைந்து எட்டுப் பேரும் விழுந்து படுகாயமடைந்தார்கள். கொக்கியில் பாரம் ஏற்றிய முறை பிழை என்று அரசாங்க விசாரணை கூறிற்று. இத்தகைய கொக்கி இரண்டு முனைகளில் நேராக இழுக்கப்படுவதற்கென்று செய்யப்படுவது. பல திசைகளில் இழுத்தால் அதன் வலிமை குறைந்துவிடும்.

புதிய ஆட்டம் அமைக்கிறவர்கள் முதலில் மணல் மூட்டையை ஏற்றி ஆட்டிப் பார்ப்பதும், தாழ்ந்த உயரத்தில் இடுப்புப் பட்டையோடு பழகுவதும், இணைப்புகளைக் குறித்த காலத்தில் கழித்துவிட்டுப் புதியவை மாட்டுவதும் இதனால்தான். அடுத்த தடவை ஊருக்குச் சர்க்கஸ் வரும்போது, ஆட்டம் தொடங்குமுன் சற்றே தலையை உயர்த்தி, ஊஞ்சல் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டாவதாக ஒரு கயிறு இருக்கிறதா என்று நான் எப்போதும் தேடுவேன்.