களமும் சான்றும்

நுழையும்முன்

போர்கள் எங்கோ தொலைவில் நடந்தவை என்று நாம் எண்ணுகிறோம். காஞ்சியைச் சுற்றியுள்ள நெல்வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நாட்டின் போக்கை மாற்றிய போர்கள் நடந்துள்ளன. அக்களங்களையும் அவற்றின் சான்றுகளைக் காக்கும் அருங்காட்சியகங்களையும் நேரில் கண்டு வரலாற்றை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

புறப்படும் இடம்

உத்திரமேரூரில் வாழும் ஒரு குடும்பம் இரண்டு நாள் பயணமாக மகிழுந்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகளே பயணத் திட்டத்தை வகுத்தவள். அவள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. இடப்பக்கத்தில் கண்ணால் கண்டதையும், வலப்பக்கத்தில் கல்வெட்டும் செப்பேடும் நூலும் சொல்வதையும் எழுத அவள் முடிவு செய்திருக்கிறாள். இரண்டையும் கலவாமல் எழுதுவது வரலாறு கற்போர்க்கு முதல் பயிற்சியாகும்.

முதல் குறிப்பு சொந்த ஊரிலேயே தொடங்குகிறது. வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டதையும் இவை கூறுகின்றன. இவ்விதிகள் எழுதப்பட்டு முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள், அதே பராந்தகனின் மகன் இராசாதித்தன் இதே தொண்டை மண்டலத்தில் போர்க்களத்தில் உயிர்துறந்தான். அமைதியின் ஆவணமும் போரின் களமும் ஒருநாள் பயணத் தொலைவில் இருக்கின்றன.

வந்தவாசி: ஏரிக்கரையில் முடிந்த கனவு

குடும்பத்தின் முதல் களம் வந்தவாசி. இங்கே 1760ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டிருந்தார். அதனை மீட்க அயர் கூட் படையுடன் வந்தார். பிரெஞ்சுப் படை அரணாகக் கொண்டிருந்த ஏரியின் கரையருகே வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதற, அணி குலைந்தது. ஆங்கிலேயர் வென்றனர். பிரெஞ்சுத் தளபதிகளுள் ஒருவரான புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. தோல்விக்குப் பொறுப்பாக்கப்பட்ட லாலிக்கு 1766இல் பாரிசு நகரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

“பார்ப்பதற்கு இங்கே என்னம்மா இருக்கிறது?” என்று தந்தை கேட்கக்கூடும். சிதைந்த கோட்டையும் ஏரியும் வயல்களும்தாம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவையே விடையும் ஆகும். சமவெளியில் ஏரிக்கரையே மதிலாகப் பயன்பட்டது. படைகளுக்கும் குதிரைகளுக்கும் நீர் தந்ததும் அதே ஏரிதான். உழவர் உழைப்பால் எழுந்த கரையை இரு அயல்நாட்டுப் படைகள் அரணாக்கிக்கொண்டன. இதனை நூலில் படிப்பதைவிடக் கரைமேல் நின்று காணும்போது எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

புள்ளலூர்: ஓர் ஊர், பல போர்கள்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள சிற்றூர் புள்ளலூர். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு புகழ்கிறது. பகைவர் பெயரை அது கூறவில்லை. சாளுக்கியர் தரப்பின் சான்று கருநாடகத்தில் ஐகொளேயில் இருக்கிறது. கி.பி. 634ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் ஒளி மங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான் என்கிறது. புள்ளலூரின் பகைவன் புலிகேசியே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து.

இரண்டு சான்றுகளும் தத்தம் மன்னனைப் பாடுகின்றன. எதை ஏற்பது? இரண்டையும் அருகருகே வைத்தால் சில செய்திகள் தெளிவாகும். சாளுக்கியப் படை காஞ்சி வரை வந்தது. காஞ்சி மதில் அதற்கு வீழவில்லை. காஞ்சிக்கு அருகிலேயே பல்லவர் வெற்றி ஒன்றைக் கொண்டாடினர். புகழ்மொழியைக் கழித்தபின் எஞ்சுவது இதுவே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்து, அதே ஊரில் 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மற்றொரு போர் நடந்தது. கர்னல் பெய்லி நடத்திவந்த ஆங்கிலப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். மைசூர்ப் படையின் பீரங்கிகளும் வாணங்களும் தாக்க, ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி சிறைப்பட்டு, சீரங்கப்பட்டினத்தில் 1782இல் இறந்தார். காஞ்சியில் தங்கியிருந்த தளபதி மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு ஆகத்து 27ஆம் நாள் இதே ஊரருகே அயர் கூட்டும் ஐதரும் மீண்டும் போரிட்டனர்.

புள்ளலூரில் நிற்கும் இரண்டு நினைவுத்தூண்கள் 1781ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கு உரியவை. இரு தரப்பிலும் மடிந்த சிப்பாய்களுள் பெரும்பாலோர் இந்நாட்டவர். அவர்களுக்குத் தூண் இல்லை. போரினால் வயல்கள் பாழாகி, பஞ்சத்தில் ஊர்விட்டு ஓடிய உழவர்க்கும் இல்லை. மாணவி தன் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ‘இரண்டு தூண்கள்’ என்று எழுதுகிறாள். வலப்பக்கத்தில் ‘பெயரில்லாதோர் எத்தனை பேர்?’ என்று எழுதி இடம் விடுகிறாள்.

தெரிந்து தெளிவோம்

1780ஆம் ஆண்டுப் புள்ளலூர் வெற்றியைத் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டினத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியும் வெடிக்கும் வண்டியும் அதில் உள்ளன. களம் காஞ்சியருகே, அதன் காட்சி காவிரிக்கரையில்.

தக்கோலம்: நாயின் கல்லில் இளவரசனின் முடிவு

இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள தக்கோலத்தில் கி.பி. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையும் சோழர் படையும் மோதின. இளவரசன் இராசாதித்தன் யானைமீது இருந்து போரிட்டு மடிந்தான். இதனால் அவனை ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆனைமங்கலச் செப்பேடும் அவன் வீரமரணத்தைப் போற்றுகிறது. அப்போருக்குப்பின் கிருட்டிணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்னும் பட்டத்துடன் தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறான்.

வென்றவர் தரப்புச் சான்று வியப்பளிப்பது. கருநாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகன் தக்கோலத்தில் இராசாதித்தனைக் கொன்றதைக் கூறுகிறது. அக்கல் காளி என்னும் வேட்டை நாய்க்காக எடுக்கப்பட்டது. பூதுகன் தன் வீரன் மணலரனுக்கு வேண்டியதைக் கேள் என்றபோது அவன் அந்நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர்க் காட்டுப்பன்றியோடு போராடி இரண்டும் மடிந்தன. நாயின் நினைவைச் சொல்ல வந்த கல், ஒரு பேரரசின் போரையும் நமக்குச் சொல்லிவிட்டது. அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

அருங்காட்சியகத்தில் என்ன பார்ப்பது?

இரண்டாம் நாள் குடும்பம் சென்னைக்குச் செல்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. செப்பேடுகள், நாணயங்கள், செப்புத்திருமேனிகள், படைக்கருவிகள் அங்குள்ளன. புனித சார்ச் கோட்டையிலுள்ள அருங்காட்சியகம் ஆங்கிலேயர் காலப் படைக்கருவிகளையும் சீருடைகளையும் காட்டுகிறது. முந்தைய நாள் களங்களைக் கண்டவருக்கு இப்பொருள்கள் பேசத் தொடங்கும். ஒரு பீரங்கியின் எடையைக் கண்டபின், அதனைக் குளத்தில் தள்ளிய படையின் பதற்றம் புரியும். இடத்திலிருந்து பிரிந்த பொருளும், பொருளை இழந்த இடமும் காண்பவர் நெஞ்சில் மீண்டும் ஒன்றுசேர்கின்றன.

ஒவ்வொரு பொருளின் முன்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். இது எங்கே கிடைத்தது? யார் செய்வித்தது? யாருக்காகச் செய்யப்பட்டது? இது யாரைப் பற்றிப் பேசாமல் விடுகிறது? நான்காம் வினாவுக்கு விடை பெரும்பாலும் காட்சிப்பேழையில் இராது. அதைத் தேடிக் களத்திற்கும் பிற சான்றுகளுக்கும் செல்ல வேண்டும்.

நம் கடமை

களங்களுள் பெரும்பாலானவற்றில் அடையாளப் பலகைகூட இல்லை. வயல் மனையாகும்போதும், ஏரிக்கரை கரையும்போதும், கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசப்படும்போதும் ஒரு சான்று அழிகிறது. உங்கள் ஊரிலும் நடுகல்லோ, பழைய கோட்டைமேடோ, எழுத்துள்ள பாறையோ இருக்கலாம். அதனைத் தொடாமல், கீறாமல், எண்ணெயோ சுண்ணாம்போ பூசாமல் பார்த்து, இருக்கும் இடத்தையும் தோற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் காட்டித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கணக்குக் காட்டாதவரை விலக்கிய ஊரினர் நம் முன்னோர். அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகளுக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு இன்று நம்முடையது.